எச்சமயமும் சாராதவனின் வாக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உன்னோடு பல்கலைக்கழகத்தில் பயிலும் நண்பன் ஒருவன், தான் எச்சமயத்தையும் சார்ந்தவனல்லன் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொள்பவன், தன்போன்றோரின் வாக்கை நாடி இந்நாட்டில் எந்தக் கட்சியாவது வந்ததுண்டா என்று வினவியதாகவும், விடை சொல்ல இயலாமல் நீ மௌனமாயிருந்ததாகவும் எழுதியிருந்தாய். ஐவேளைத் தொழுகையை விடாத கிழவனொருவனுக்கு இக்கேள்வியை அனுப்பலாமா என்று நீ தயங்கியிருக்க வேண்டியதில்லை. அரசியலில் நியாயம் எதுவென்று ஆராய்வதற்கு ஆராய்பவன் நாஸ்திகனாயிருக்க வேண்டுமென்ற நியதி ஏதுமில்லை.

அரசியற் கட்சி என்பது எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து செல்லும் ஸ்தாபனம். 2012 ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் இலங்கையில் பௌத்தர் ஏறக்குறைய 70 வீதம். இந்துக்கள் 12 வீதத்துக்குச் சற்று அதிகம். முஸ்லிம்கள் 10 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. கிறிஸ்தவர் 7 வீதத்துக்கு மேல். எஞ்சியோர் 'ஏனையோர்' என்னும் மிகச் சிறிய நிரலில் அடங்கிவிடுகின்றனர். உன் நண்பனும் அவன் போன்றோரும் பெரும்பாலும் தத்தம் தந்தையரின் சமயத்தவராகவே அங்கே எண்ணப்பட்டிருப்பர். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமோ 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமக்குச் சமயமில்லை என்று பதிந்தோர் 37.2 வீதம். ஐக்கிய அமெரிக்காவிலும் அத்தகையோர் பெருகியதனாலேதான், 2009 இல் பதவியேற்ற ஒபாமா தமது முதலுரையில் நம்பிக்கையற்றோரையும் நாட்டு மக்களுள் ஒரு சாராராகச் சேர்த்துச் சொன்னார். டெமோக்ரடிக் கட்சியின் தேசியக் குழு 2019 ஆகஸ்டில் அவர்களை அங்கீகரித்துத் தீர்மானமொன்றையும் நிறைவேற்றிற்று.

இவ்வங்கீகாரம் எளிதில் வந்ததன்று. 1880 இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்ல்ஸ் பிராட்லா என்னும் நாஸ்திகர், கடவுள் பெயரால் சத்தியம் செய்வது பற்றி எழுந்த வழக்கினால், மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டும், 1886 வரை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் உரிய ஆசனத்தில் அமர விடப்படாமல் அலைக்கழிக்கப்பட்டார். 1888 இல் அவரது முயற்சியால் வந்த சட்டமே சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமையை நிலைநாட்டியது. இன்று நம் அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையில் 'உறுதி கூறுகிறேன்' என்பதும் 'சத்தியம் செய்கிறேன்' என்பதும் அருகருகே நிற்கின்றன. பதவியேற்பவர் தம் மனச்சாட்சிக்கு இசைந்ததைத் தெரிந்துகொள்ளலாம்.

இனி நம் அயலான தமிழ்நாட்டை நோக்குவோம். 1949 இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய அண்ணாதுரை, கடவுள் மறுப்பைப் பிரசாரம் செய்த பெரியாரின் பாசறையிலிருந்து வந்தவர். தேர்தற்களத்தில் இறங்கியபோதோ, பிள்ளையார் சிலையை உடைக்கவும் போவதில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் போவதில்லை என்னும் நடுநிலைக்கு வந்து, திருமூலரின் ஒரே தெய்வக் கொள்கையைக் கழகத்தின் வாசகமாக ஏற்றுக்கொண்டார். பக்தர்களின் வாக்குக்காகப் பகுத்தறிவைக் கைவிட்டார் என்று இதை இகழ்வோர் உண்டு. ஆனால், 1967 இல் ஆட்சிக்கு வந்ததும் அவர் செய்த காரியத்தைப் பார். புரோகிதரில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் அதுவரை நீதிமன்றத்தின் முன் செல்லுபடியாகாமல் நின்றன. அத்தம்பதியர் தம் மணத்தையும் மக்களின் உரிமையையும் நிரூபிக்க இயலாமல் இடர்ப்பட்டனர். அவரது அரசு சட்டத்தைத் திருத்தி அம்மணங்களுக்கு அங்கீகாரம் அளித்தது. மேடையில் நாஸ்திகரைப் புகழாமலே, நாஸ்திகருக்கு வேண்டிய நீதியை ஒரு சட்டத்தில் அளித்த காரியம் அது.

நம் நாட்டு இடதுசாரிகளின் கதையோ இதற்கு நேர்மாறானது. 1935 இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் சமயத்தை அரசியலினின்று விலக்கி வைக்க வேண்டுமென்று வாதாடியவர்கள். எச்சமயமும் சாராதவன் அச்சமின்றிச் சேரக்கூடிய அரங்கமாக அவர்களது இயக்கம் விளங்கிற்று. அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாதான் கூட்டணி அரசின் அரசியலமைப்பு விவகார அமைச்சராயிருந்து 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பை வரைந்தார். பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளிக்கும் உறுப்புரை அதிலேதான் முதன்முதல் இடம்பெற்றது. எந்தச் சமூகத்துக்கும் சமயத்துக்கும் பிரத்தியேகச் சலுகையோ பாதகமோ விளைவிக்கும் சட்டத்தைத் தடுத்து நின்ற சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவும் அதனோடு மறைந்தது. 1977 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. தோல்விக்குக் காரணங்கள் பல; எனினும், கூட்டணியின் பொருட்டுக் கொள்கையை விற்றவர்கள் அதற்குரிய விலையைக்கூடப் பெறவில்லை என்பதை மறுக்க இயலாது.

நம் கிழக்குக் கடற்கரைக்கு வருகிறேன். 1956 இல் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றபோது, வாக்குக் கேட்டதற்கு மொழியே பிரதான ஆதாரம். பிற்காலத்தில் தமிழ்க் கட்சிகளிலும் தென்னிலங்கைக் கட்சிகளிலும் நம் முஸ்லிம் மக்கள் நம்பிக்கையிழந்த நிலையிலே, 1981 இல் காத்தான்குடியில் உருவாகிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், அஷ்ரஃபின் தலைமையில், குர்ஆனையும் ஹதீஸையும் யாப்பின் அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. 1988 இல் 15 ஆவது திருத்தத்தின் மூலம், ஆசனம் பெறக் கட்சியொன்றுக்கு வேண்டிய வாக்குகளின் வெட்டுப்புள்ளியை எட்டிலொன்றிலிருந்து இருபதிலொன்றாகக் குறைப்பித்த அவரது சாமர்த்தியத்தினால் நன்மை பெற்றோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர்; சிதறிக் கிடந்த சிறு கட்சிகள் யாவும் நன்மை பெற்றன. அவரே 1999 இல் எல்லாச் சமூகத்தாரையும் அழைத்துத் தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கினார் என்பதையும் கவனி. 2000 செப்டம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறையாதிருந்தால் அம்முயற்சி எங்கே சென்றிருக்குமோ, இறைவனே அறிவான்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில், கல்முனை மாநகர சபைக்கு உட்பட்ட சாய்ந்தமருதில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். தனிச் சபை வேண்டுமென்று நெடுங்காலம் கேட்டுச் சலித்த அவ்வூரார், பெரிய பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழுவொன்றை நிறுத்தித் தம் வட்டாரங்களைக் கைப்பற்றினர். அவர்கள் கேட்டது வடிகால், வரி, வீதி, குப்பை முதலியவற்றை நிர்வகிக்கும் சபை. முற்றிலும் உலகியற் காரியம். அதன் நியாயத்தை உன் நண்பனும் எடைபோட்டு ஆமென்றோ அன்றென்றோ சொல்லலாம். பள்ளிவாசலின் பெயரால் அது கேட்கப்பட்ட மறுகணமே, எதிர்க்கருத்துடையவன் ஊருக்கு மட்டுமன்றி மார்க்கத்துக்கும் துரோகம் செய்கிறவனாகத் தோன்றிவிடுகிறான். கோரிக்கை நியாயமானதாயிருந்தும், அதை விவாதிக்கும் வாசல் அடைபட்டுப் போகிறது. சமயக் கூட்டத்தில் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பேசுவதை நம் தேர்தற் சட்டம் தகாத செல்வாக்கு என்னும் குற்றமாகக் கொண்டிருப்பதற்குக் காரணமும் இதுவே.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி நாடெங்கும் 225 ஆசனங்களில் 159 ஐ வென்றபோது, நம் திகாமடுல்லைத் தேர்தல் மாவட்டத்தின் ஏழில் நான்கும் அதற்குக் கிட்டின. மார்க்ஸியப் பாரம்பரியத்தில் வந்த அவ்வணியும் சமயமற்றோரைப் பெயர் சுட்டி அழைக்கவில்லை; ஊழல், விலைவாசி, வீண்செலவு என்று எவரும் ஆராயத்தக்க விஷயங்களையே முன்வைத்தது. உன் நண்பனுக்கு இது அழைப்பாகுமா என்றால், பாதி அழைப்பாகும் என்பேன். மீதிப் பாதி, அண்ணாதுரையின் அரசு செய்ததுபோலச் சட்டத்தில் வர வேண்டும்.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: உன் நண்பனின் உரிமையும் நம்முடைய உரிமையும் ஒரே உறுப்புரையில் தங்கியிருக்கின்றன. அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளிக்கிறது. அதற்கடுத்த 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் சுதந்திரம் அளிக்கிறது. 2020 மார்ச் இறுதி தொடக்கம் 2021 பெப்ரவரி வரை கொரோனாத் தொற்றைக் காரணங்காட்டி நம் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்களே, அப்போது நாம் முறையிட்டது இவ்வுறுப்புரையின் பெயராலேதான். அதை எதிர்த்துப் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் நம்மவர் மட்டுமல்லர். பல சமூகத்தவரும் வந்து கட்டினர். அவர்களிடம் நாம் கலிமாவைக் கேட்கவில்லை. விசுவாசியை எரிக்காதே என்று சொல்லும் அதே நியாயம், விசுவாசமில்லாதவனை ஒதுக்காதே என்றும் சொல்லுகிறது. ஆகவே, முஸ்லிம்களின் மனச்சாட்சிக்காகக் குரல் கொடுப்பதாகச் சொல்லும் கட்சி, மனச்சாட்சி வேறாயிருப்பவனுக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டது. இல்லையேல் அது கேட்பது உரிமையன்று, சலுகை. சலுகையை அளிப்பவன் எந்நேரமும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இனிமேல் வேட்பாளரொருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அவர் தொழுகிறாரா என்று விசாரிப்பதை அல்லாஹ்வின் கணக்கில் விட்டுவிட்டு, மூன்று கேள்விகளைக் கேள். நீங்கள் சொல்லும் காரணத்தை, நம் மார்க்கத்தை ஏற்காதவனும் ஆராய்ந்து பார்க்க முடியுமா? வாக்களித்தபடி செய்யத் தவறினால், எந்த அளவுகோலைக் கொண்டு உங்களை நாங்கள் பிடிப்பது? 10 ஆம் உறுப்புரை உங்களுக்குப் பிடிக்காதவனுக்கும் உண்டென்று மேடையில் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பலர் சிரித்து மழுப்புவார்கள். தடுமாறாமல் ஆமென்பவர் எந்தச் சின்னத்தில் நின்றாலும் அவரைக் குறித்து வைத்துக்கொள். உன் நண்பனிடமும் சொல்: தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் கட்சிக்காக அவன் காத்திருக்க வேண்டாம், இதே கேள்விகளை அவனும் கேட்கட்டும். கேட்கிறவன் தொழுகிறவனா இல்லையா என்று தெரியாத நிலையில், விடை சொல்லுகிறவர் இருவருக்கும் பொதுவான நியாயத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

உன் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் ஸலாத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
கல்முனை.