காரை விற்று மிதிவண்டிக்கு மாறலாமா? ஒரு குடும்பக் கணக்கு

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டில் மிதிவண்டி இருந்தது. கார் இருந்த குடும்பங்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே மிதிவண்டியில் அன்றாட வேலைகளை முடிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கார் வாங்கிய குடும்பம் அதை விற்றுவிட்டு மீண்டும் மிதிவண்டியை நம்புவதே புதிது. அம்முடிவை எடுக்குமுன் பார்க்க வேண்டிய கணக்கையும் செய்ய வேண்டிய நடைமுறைகளையும் இங்கே காண்போம்.

நிற்கும் காருக்கும் செலவு உண்டு

8.5 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கி, ஐந்தாண்டுக் கடனை இப்போதுதான் அடைத்து முடித்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் 600 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர். எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் மாதச் செலவு இவ்வாறு அமையும்:

எரிபொருள்: ரூ. 4,000
காப்பீடு (ஆண்டுக்கு ரூ. 15,000): ரூ. 1,250
பராமரிப்பு, டயர்: ரூ. 1,500
நிறுத்துமிட வாடகை: ரூ. 1,500
மொத்தம்: ரூ. 8,250

இப்பட்டியலில் சேராத செலவு ஒன்று உண்டு. அது தேய்மானம். நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்தாண்டுக்குட்பட்ட காருக்குக் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிடும்போது விற்பனை விலையில் 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. அதன் பின்னும் மதிப்புக் குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு 48,000 ரூபாய் குறைவதாகக் கொண்டாலும் மாதம் 4,000 ரூபாய் நம் கையைவிட்டுப் போகிறது. இதற்கு எவரும் ரசீது அனுப்புவதில்லை. எனவே நாம் அதை உணர்வதில்லை.

இக்கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. காரை வாசலில் நிறுத்திவிட்டு மிதிவண்டியில் சென்றால் நமக்கு மிச்சமாவது எரிபொருளும் பராமரிப்பில் ஒரு பகுதியுமே. காப்பீடும் வாடகையும் தேய்மானமும் தொடரும். பெரிய சேமிப்பு, காரை விற்கும்போதுதான் தொடங்குகிறது. ஆனால் விற்றபின் திரும்ப வாங்குவது செலவு மிக்கது என்பதால், முதலில் சோதித்துப் பார்ப்பதே முறை.

மூன்று மாதச் சோதனை

சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியே, அதனை ஏறத்தாழ 800 மீட்டர் அகலமும் 1,200 மீட்டர் நீளமும் கொண்ட செக்டர்களாகப் பிரித்தார். கடை, பள்ளி போன்ற அன்றாடத் தேவைகள் அந்தந்தச் செக்டருக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நம் ஊர் அவ்வாறு திட்டமிடப்படாததாக இருக்கலாம். எனினும் நம் பயணங்களில் எத்தனை உண்மையில் நெடுந்தொலைவு என்பதை நாமே அளந்து பார்க்கலாம்.

மூன்று மாதங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பயணத்தின் தொலைவையும், சென்றவர் எண்ணிக்கையையும், சுமையையும் எழுதுவோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 5 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடக்கலாம். அத்தொலைவுக்குட்பட்ட பயணங்களை மிதிவண்டியிலும், மற்றவற்றைப் பேருந்து, ரயில், ஆட்டோ, வாடகைக் கார் ஆகியவற்றிலும் மேற்கொண்டு செலவைக் குறித்துவருவோம். அம்மூன்று மாதங்களில் மழைக்காலமோ கடுங்கோடையோ அடங்கியிருத்தல் நன்று. இதமான பருவத்தில் மட்டும் செய்த சோதனை நம்மை ஏமாற்றிவிடும்.

வீட்டில் நடமாட இயலாத முதியவர் இருந்தாலோ, அலுவலகம் செல்லும் வழி கனரக வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலையாக இருந்தாலோ காரை வைத்திருப்பதே பொருந்தும். சேமிப்புக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தல் ஆகாது. மிதிவண்டிக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை. ஆயினும் தலைக்கவசமும் முன்பின் விளக்குகளும் நல்ல பூட்டும் வாங்கத் தயங்க வேண்டாம்.

விற்கும்போது தவறக் கூடாதவை

கடன் முடிந்ததும் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் பெயரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. பணம் கைக்கு வந்துவிட்டது என்று இதனைத் தள்ளிப்போடுவது பேரிடர். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர்; விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. காரை விற்று ஓராண்டு கழித்து, முகமறியாத ஒருவர் ஓட்டிய விபத்துக்காக நாம் நீதிமன்றம் ஏற நேரிடலாம்.

ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிட வேண்டும். இல்லையேல் புதியவர் கடக்கும் சுங்கச்சாவடிக்கு நம் பணம் கழியும். காப்பீட்டில் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸ் காருடன் போவதன்று. அது நமக்கே உரியது. அதற்கான சான்றினைப் பெற்று வைத்தால், மூன்றாண்டுகளுக்குள் வேறு கார் வாங்கும்போது பயன்படும்.

மிச்சத்தைச் சேமிப்பாக்குதல்

நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் மாதம் 3,000 ரூபாயை வாடகை வாகனங்களுக்கும் 250 ரூபாயை மிதிவண்டிப் பராமரிப்புக்கும் ஒதுக்கினால், 5,000 ரூபாய் மிஞ்சும். அதனை ஊதியம் வரும் நாளிலேயே தொடர் வைப்புக் கணக்குக்கு மாற்றினால், 6.5 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 3.55 லட்சம் ரூபாய் சேரும். இதில் வட்டி மட்டும் சுமார் 55,000 ரூபாய். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் கருத்திற்கொள்வோம். கார் விற்ற தொகையைத் தனியே நிலை வைப்பில் இடுவது நல்லது. மீண்டும் கார் தேவைப்படும் நாளில் கடன் சுமை குறையும்.

அவ்வாறு ஒதுக்காவிடில், மிஞ்சிய 5,000 ரூபாய் வேறு சிறு செலவுகளில் கரைந்து, காரும் இல்லை சேமிப்பும் இல்லை என்ற நிலை ஏற்படும். ஆகவே குறிப்பேட்டை இன்றே தொடங்குவோம். மூன்று மாதங்களுக்குப் பின் அதிலுள்ள எண்களைக் கொண்டு குடும்பத்தார் அனைவரும் கூடி முடிவெடுப்போம்.