பொரித்த கோழியும் எல்லைச் சொற்களும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை மாநில எல்லை குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன்பு இரண்டும் திருவிதாங்கூரின் அண்டை வட்டங்கள். ஆகவே எல்லையின் இருபுறத்தும் சமையல் ஏறத்தாழ ஒன்றே. தேங்காய் எண்ணெய், சின்ன உள்ளி, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய் ஆகியன எல்லா அடுக்களைகளிலும் உண்டு. மாறுவன பெயர்களே. பெயரைத் தவறாகக் கொண்டால் சமையலும் கெடும்.

மலையாளத்தில் ‘முளகு’ எனப்படுவது மிளகாய். தமிழில் ‘மிளகு’ என்பது கொடியில் காய்க்கும் கரிய மணி. அதனை மலையாளத்தார் ‘குருமுளகு’ என்றும் தென் திருவிதாங்கூரார் ‘நல்லமுளகு’ என்றும் அழைப்பர். குமரி மாவட்டத் தமிழில் அது ‘நல்லமிளகு’. தமிழ்ச் சமையற்குறிப்பில் உள்ள ‘மிளகுத்தூள்’ என்ற சொல்லைக் கண்டு ஒருவர் மிளகாய்த்தூளை அள்ளி இட்டால் உண்பவர் கண்ணீர் விட நேரும். இக்குழப்பத்திற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. புதிய காய்க்குப் பழைய காரப்பொருளின் பெயரையே ஒட்டி ‘மிளகு காய்’ என வழங்கினர். அதுவே மிளகாய் ஆயிற்று. சங்க காலத்தில் மிளகுக்குக் ‘கறி’ என்பதும் பெயர். யவனர் பொன் கொடுத்து முசிறியில் கறி ஏற்றிச் சென்றதை அகநானூறு குறிப்பிடுகிறது. இன்று ‘கறி’ என்றால் இறைச்சியே நினைவுக்கு வருகிறது.

வினைச்சொற்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. எண்ணெய் சிறிதுமின்றியோ சிறிதளவு இட்டோ சூடாக்குவதைத் தமிழர் ‘வறுத்தல்’ என்பர். நிறைந்த எண்ணெயில் மூழ்கச் செய்வது ‘பொரித்தல்’. தென்கேரளத்தில் எண்ணெயில் பொரித்த மீனையும் ‘வறுத்தது’ என்றே கூறுவர். வடக்கே மலபாரில் அதுவே ‘பொரிச்சது’ ஆகிறது.

இனி, காரமான பொரித்த கோழியைச் செய்யும் முறையைக் காண்போம். அரைக் கிலோ கோழி இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி நீரை நன்கு வடித்துக்கொள்ள வேண்டும். மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, நல்லமிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, சிறிது மஞ்சள்தூள், அரைத்த இஞ்சி பூண்டு ஒரு மேசைக்கரண்டி, உப்பு, அரை எலுமிச்சம்பழத்தின் சாறு ஆகியவற்றைத் துண்டுகளில் பிசறி ஒரு மணிநேரம் ஊறவிட வேண்டும். ஊறும்போது உப்பு இறைச்சியினுள் புகுந்து அதன் ஈரத்தைக் காக்கும். பொரிக்கும் முன் ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைச் சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். சிலர் கண்ணைக் கவரச் சிவப்பு நிறப்பொடி கலப்பர். அது தேவையே இல்லை. காஷ்மீர் மிளகாய்த்தூளைச் சிறிது சேர்த்தாலே நல்ல நிறம் கிடைக்கும்.

எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைச் சிறிது சிறிதாக இட வேண்டும். ஒரே முறையில் அனைத்தையும் கொட்டினால் எண்ணெயின் சூடு தணிந்து, துண்டுகள் பொரியாமல் எண்ணெயைக் குடிக்கும். இட்டவுடன் எழும் சலசலப்பு இறைச்சியிலுள்ள நீர் ஆவியாகும் ஓசை. அவ்வோசை தணிவது பதம் நெருங்குவதற்கு அடையாளம். தீ மிகுந்தால் புறம் கருகும். எலும்பை ஒட்டிய பகுதி வேகாது. வேகாத கோழியில் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கக்கூடும். உட்பகுதி 74 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும் என்பது பாதுகாப்பான அளவு. வெப்பமானி இல்லாத வீட்டில் கனத்த துண்டு ஒன்றைப் பிளந்து பார்ப்பதே வழி. இறுதியில் கறிவேப்பிலையை இட்டு, சட்டியில் உதிர்ந்து பொரிந்த மசாலாவையும் அரித்தெடுத்துக் கோழியின்மீது தூவுவர். இவ்வட்டாரத்தில் பலருக்குக் கோழியைவிட அத்தூளே விருப்பம்!

மாணவர் பெரியோர் துணையின்றிப் பொரிக்க முற்படக் கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றுதல் பெருந்தீங்கு. அடுப்பை அணைத்துச் சட்டியை மூடியால் மூட வேண்டும். காரம் மிகுந்துவிட்டால் நீர் பயன்படாது. காரத்தைத் தரும் காப்சைசின் நீரில் எளிதில் கரைவதில்லை. பாலோ தயிரோ உதவும்.

பொரித்த கோழிக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பெயர் பெற்றவர் கெத்தேல் சாகிப். எழுத்தாளர் ஜெயமோகன் ‘அறம்’ தொகுப்பிலுள்ள ‘சோற்றுக்கணக்கு’ என்னும் சிறுகதையில் அவரைப் பாத்திரமாக்கியுள்ளார். அக்கதையில் சாகிப் உண்டவரிடம் பணம் கேட்பதில்லை. அவரவர் இயன்றதைப் பெட்டியில் இடுவர். குமரி மாவட்டத்திலிருந்து படிக்கச் செல்லும் ஏழை மாணவன் ஒருவன் அங்கே பல நாள் பசியாறுகிறான். பின்னர் அவன் பணம் இடத் தொடங்கிய போதும் சாகிப்பின் பரிமாறலில் எவ்வித மாற்றமும் இல்லை.

பயிற்சி

1. மிளகு, மிளகாய் இவற்றுக்கு உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுக.
2. வறுத்தல், பொரித்தல், வதக்குதல், வாட்டுதல் ஆகியவற்றைத் தனித்தனித் தொடரில் அமைக்க.
3. கோழித் துண்டுகளை ஒரே முறையில் எண்ணெயில் கொட்டுவதால் விளைவது யாது?
4. சாகிப் பணப்பெட்டியை ஏன் பார்ப்பதில்லை எனக் கருதுகிறீர்கள்? ஐந்து வரிகளில் விடை தருக.