ஆட்சி, ஆவணம், காட்சி

சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பயில்வார் பலரும் அதன்கண் விளங்கும் அருட்டிறத்தை நினைந்து உருகி மேற்செல்வர். அவ்வருட்செயல் ஓர் அவையத்து நிகழ்ந்த வழக்காக அமைந்தமையையும், அதற்குரிய சொற்களை ஆசிரியர் வழுவாது ஆண்டமையையும் நின்று நோக்குவார் சிலரே. மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுங்கால் நாமும் இச்சொற்களை விரைந்து கடந்ததுண்டு. அங்ஙனங் கடத்தலால் 'ஆட்கொள்ளுதல்' என்பது 'அருள்செய்தல்' என்னும் பொதுப்பொருளளவில் மெலிந்துவிடுகின்றது. ஆகலின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

வழக்கு என்பது 'வழங்கு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தொல்காப்பியத்துள் அது உலகோர் வழங்கும் சொன்னெறியை உணர்த்திச் செய்யுளோடு உடன்வைத்து எண்ணப்படும். பின்னர் அவையத்து முறையிடும் விவகாரத்தையும் குறித்தது. வடமொழி 'வியவகாரம்' என்பதற்கும் நடைமுறை, முறையீடு என இருபொருளும் உள. மாறுபாடு எழுந்தவிடத்துப் பண்டையோர் தொன்றுதொட்ட நடையை நோக்கி முடிவு கூறினராகலின், இரண்டற்கும் ஒருசொல் அமைந்தது பொருத்தமே. அந்தணர் பிற அந்தணர்க்கு அடிமையாதல் இல்லையென நம்பியாரூரர் மறுத்ததும் இந்நடை பற்றியேயாம்.

திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முதியவரை நோக்கி வினவிய சான்றுகள் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. யாஞ்ஞவற்கிய மிருதி கூறும் லிகிதம், புக்தி, சாட்சி என்பனவும் இவையே. லிகிதம் எழுத்து, அஃது ஆவணம். புக்தி நெடுநாட் டுய்த்துவருதல், அஃது ஆட்சி. சாட்சி கண்டார் கூற்று, அஃது அயலார் காட்சி. ஈண்டுக் காட்சி என்பது அளவை நூலார் கூறும் பிரத்தியட்சமன்று. நேரிற் கண்டவரது சான்று என்க. 'சாட்சி' என்னும் வடசொற்கும் கண்ணொடு கூடியவன் என்பதே உறுப்புப்பொருள். இப்பொருளில் தமிழிற் 'கரி' என்னும் சொல்லும் உண்டு. திருவள்ளுவரும் அதனை ஆண்டனர்.

ஆவணம் என்பது பழைய நூல்களிற் கடைவீதியையும் குறிக்கும்; எழுதிய ஓலையையும் குறிக்கும். அகநானூற்று 77-ஆம் செய்யுளில், குடத்தின் வாயைப் பிணித்த கயிற்றின் பொறியை ஆராய்ந்து நீக்கி, உள்ளிருக்கும் ஓலையைக் கொள்வோர் ஆவணமாக்கள் எனப்பட்டனர். நம் புராணத்து ஆவணம் ஆளோலை. ஆரூரர் பறித்துக் கிழித்தது படியோலை. அவையிற் காட்டப்பட்டது மூலவோலை. படி என்பது ஒப்பு. மூலம் என்பது வேர். இக்காலத்து நீதிமன்றங்களில் வழங்கும் நகல், அசல் என்பன அரபுச் சொற்கள். அசல் என்பதற்கும் வேர் என்பதே முதற்பொருளாதல் அறிந்து மகிழற்பாலது.

அவையில் ஓலையைத் தொழுது வாங்கிப் படித்தவன் கரணத்தான். செயற்குக் கருவியாவது கரணம். அச்சொல்லே எழுத்துத் தொழிலையும் உணர்த்திற்று. சித்தாந்தத்தில் அந்தக்கரணம் எனவும் நின்றது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பினின்றும் எடுத்து ஒப்புநோக்கி, எழுத்து ஒத்தலின் அவையத்தார் முடிவு கூறினர்.

அற்றேல், பாட்டன் எழுதிய ஓலை பேரனைப் பிணிக்குமோ? ஓலைக்கு எழுதிய நாள் உண்டாகலின், அடிமைக்கும் தொடக்கம் உண்டாகாதோ எனின், ஆகாது. ஆவணம் உரிமையைக் காட்டுவதன்றி ஆக்குவதன்று; விளக்கு மனையிலுள்ள பொருளைக் காட்டுதல் போலும். ஆரூரர் முன்னரே திருக்கயிலையில் ஆலாலசுந்தரராய்த் தொண்டு செய்தவர். ஆகவே ஆட்சி முன்னரே உளது. அதனை இறைவன் எடுத்துக்காட்டாமை என்னையெனின், ஆணவ மறைப்பால் உயிர் அவ்வாட்சியை அறியாது என்க. அயலார் காட்சியோ இயலாது. அநாதியாகிய தொடர்பின் தொடக்கத்தை உடனின்று கண்ட அயலார் யாவர்? ஆதலின் எஞ்சிய ஆவணமே உயிர் தன் கண்ணாற் கண்டு தெளிதற்கு ஏற்றதாயிற்று. கிழிபட்டது படியே; மூலம் உடையவன் கையில் உளது.

ஆள் என்னும் ஒருசொல்லே ஆளப்படுவானைப் பெயராகவும், ஆளுதலை வினையாகவும் உணர்த்தும். ஆட்சி, ஆண்டான், ஆளோலை, ஆட்கொள்ளுதல் யாவும் இம்முதலினின்றும் வந்தன. எனவே தடுத்தாட்கொண்டான் என்பதற்கு, மணத்தைத் தடுத்து, முன்னரே தன்னுடைமையாகிய உயிரைத் தனக்கு ஆளென நாட்டிக் கைக்கொண்டான் என்பதே நிறைந்த பொருள்.

மாந்தரை மாந்தர் ஆளாக விற்று ஓலை எழுதிய கொடுமை சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் காணப்படுகின்றது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டத்தால், இந்நாட்டு நீதிமன்றங்கள் அடிமையுரிமையை ஏற்று நிறைவேற்றுதல் விலக்கப்பட்டது. அது நன்றே. ஓருயிரை உடைமையென்று கொள்ளும் உரிமை மற்றோருயிர்க்கு இல்லை. அஃது இறைவன் ஒருவனுக்கே உரியது. ஆளோலை என்னுஞ் சொல் இனி அவ்வொரு பொருளிலேயே நம்மிடை வாழ்க. இப்புராணத்தைப் பாடஞ் சொல்வோர் இச்சொற்களை முன்னர் விளக்கிப் பின்னர்க் கதை கூறுவாராயின், மாணாக்கர்க்கு அடிமைத்திறத்தின் உண்மை எளிதிற் புலனாகும்.

திருச்சிற்றம்பலம்.