பாடு முறையும் பொது அடுப்பும்

ஓர் ஊரில் நெல் விளைந்திருக்கலாம். கடையில் அரிசி நிறைந்திருக்கலாம். எனினும் வேலை நின்ற வீட்டில் அடுப்பு எரிவதில்லை. தறி ஓடாத நாளின் துயரம் நெசவாளர்க்கும், மழை பொய்த்த பருவத்தின் வறுமை உழவர்க்கும் புதிதன்று. அத்தகைய நாள்களில் ஊரார் கூடிச் சமைத்துச் சுடச்சுட உணவிடுவது எவ்வாறு? இதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் மீனும் இறாலும் உள்ளே வருவது குறைகிறது. படகுகள் கடலுக்குச் செல்வதும் தடைப்படுகிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2023ஆம் ஆண்டின் மிச்சாங் புயலும் இக்கரையோர மக்களின் தொழிலை முடக்கின. அன்றாடம் பிடித்து விற்று உண்ணும் குடும்பத்துக்கு வலை உலர்ந்த நாள் பட்டினி நாளே.

இங்குக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை உண்டு. நல்ல மீன்பிடி இடத்தை ஒருவரே பற்றிக்கொள்ளாமல், முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே அது. இடத்தை முறை வைக்க அறிந்தவர்கள் அடுப்பையும் முறை வைக்கலாமன்றோ?

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் அரசு ஒரு பகுதிச் செலவை ஏற்க, உள்ளூராரும் தம் பங்கை அளித்தனர். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஊர்ப்புறப் பள்ளிகளில் மகளிர் சுய உதவிக் குழுவினரே சமைக்கின்றனர். அரசின் பொருள், ஊராரின் உழைப்பு, பெண்களின் கைத்திறன் என்னும் மூன்றும் கூடியதாலேயே இவ்வேலை எளிதாயிற்று.

இனி நடைமுறையைக் காண்போம். ஆளுக்கு 150 கிராம் அரிசி எனக் கொண்டால் 100 பேருக்கு 15 கிலோ வேண்டும். அறுவடைக் காலத்தில் விவசாய அங்கத்தினர் சிறிது சிறிதாக நெல் அளித்தால் சங்கக் கிடங்கில் இருப்புச் சேரும். உவர்நிலத்தில் நல்ல தண்ணீருக்கு முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும். சோற்றைச் சமைத்தவுடன் பரிமாறுக. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த சோற்றில் நச்சுக்கிருமி பெருகும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு முற்றிலும் நீங்குமென்பதற்கு உறுதியில்லை. வரவும் செலவும் அன்றன்றே ஏட்டில் ஏறட்டும்.

நிற்க, ஒன்றை மறத்தலாகாது. பாடு முறையில் உரிமை உடையவர்க்கே இடம் உண்டு. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் முதலியோர் அவ்வுரிமைக்குப் புறத்தே நிற்பவர்கள். பசி முதலில் தட்டுவதும் அவர்கள் கதவையே. ஆகவே முறை வைத்தல் சமைப்பவர்க்கு மட்டுமே. உண்பவர்க்கு முறையும் இல்லை, வரம்பும் இல்லை. பங்குத்தொகை செலுத்தினாரா, கடன் பாக்கி உண்டா என்று இலைமுன் அமர்ந்தவரைக் கேட்பது கூட்டுறவாகாது.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. நம் ஊரில் எந்த மாதங்களில் வேலை நிற்கிறது?
2. அப்போது அடுப்பெரியாத வீடுகள் எத்தனை? அவற்றுள் அங்கத்தினர் அல்லாதார் எத்தனை?
3. முதல் வாரம் சமைக்க முன்வருவோர் யார் யார்?