விண்ணப்பம் படிக்கும் தொண்டர்கள்

மும்பை மாநகரின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை அமைந்துள்ளது. 1941ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இம்மருத்துவமனைக்குப் பீகார், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் முதலிய தொலைவிடங்களிலிருந்தும் புற்றுநோயுற்ற சிறுவர்களைப் பெற்றோர் அழைத்து வருகின்றனர். உரிய காலத்தில் மருத்துவம் பெற்ற பிள்ளைகள் பலர் நலமடைந்து ஊர் திரும்புகின்றனர். மருத்துவம் முடிந்த பின்னரும் அவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்று 1991ஆம் ஆண்டு முதல் அங்கு ஒரு தனிப்பிரிவு இயங்கி வருகிறது.

நோய் நீங்கிற்று, படிப்பு என்னாவது? மருத்துவச் செலவில் வீட்டுச் சேமிப்புக் கரைந்திருக்கும்; நிலமும் நகையும் கைமாறியிருக்கும். இத்தகைய மாணவர்கள் கல்லூரியில் சேர்வதற்குத் தொண்டு நிறுவனங்கள் சில உதவித்தொகை வழங்குகின்றன. விண்ணப்பங்கள் மிகுதி, பணமோ அளவானது. ஆகவே, அவற்றைப் படித்து மதிப்பிடுவதற்குத் தன்னார்வத் தொண்டர்கள் தேவைப்படுகின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி அலுவலர், செவிலியர் எனப் பலரும் இப்பணிக்கு உதவலாம்.

மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எட்டாம் வகுப்பில் 88 விழுக்காடு பெற்ற மாணவி, பத்தாம் வகுப்பில் 57 விழுக்காடே பெற்றிருக்கிறார். இடையில் ஓராண்டு அவர் பள்ளிக்கே செல்லவில்லை. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அத்தாளை ஒதுக்கிவிடுவார். மருத்துவச் சான்றிதழையும் அருகில் வைத்துப் படிப்பவருக்கோ வேறொன்று விளங்கும். சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்குரிய மருத்துவம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். முதற் சில மாதங்கள் பெரும்பாலும் மருத்துவமனையைச் சுற்றியே கழியும். பின்னர் வீட்டிலிருந்து மாத்திரை உட்கொள்ள வேண்டும். நோய்த்தொற்றுக்கு அஞ்சி, நெரிசலான வகுப்பறைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவர். அந்த 57, மருந்து உண்டுகொண்டே எழுதிய தேர்வின் மதிப்பெண்.

கையெழுத்தும் அவ்வாறே. வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கைகால் நரம்புகளைத் தாக்கக்கூடும். விரல்கள் தளர்ந்து எழுத்துக் கோணலாகலாம். சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து சிலருக்குச் செவித்திறனைக் குறைக்கும். கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளை, பாடம் காதில் விழாமலே ஓராண்டைக் கழித்திருக்கலாம். இதை அறியாதவர் அதனைச் சோம்பல் என்றே எண்ணுவார். (பெற்றோரின் பணிமாற்றத்தால் பாதி ஆண்டில் புதிய பள்ளியில் சேர்ந்த உங்களில் சிலருக்கு, மதிப்பெண் ஏன் சரிகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.)

எனினும், இரக்கம் மட்டுமே அளவுகோல் ஆகாது. துயரத்தை உருக்கமாக எழுதத் தெரிந்தவருக்கே பணம் கிடைக்குமாயின், எழுதத் தெரியாதவர் மீண்டும் ஒருமுறை பின்தள்ளப்படுவார். "செவிலியர் படிப்பில் இடம் கிடைத்துள்ளது, விடுதிக் கட்டணம் செலுத்த இயலவில்லை" என்று ஒரே வரியில் முடித்தவரின் தேவை சிறியதன்று. ஆதலால், ஒரு விண்ணப்பத்தை இருவர் தனித்தனியே படிப்பது நல்ல முறை. பெயரை மறைத்துக் கொடுப்பது அதனினும் நன்று. இருவர் மதிப்பீடும் பெரிதும் வேறுபட்டால் மூன்றாமவரிடம் கொடுக்கலாம்.

படித்த செய்தியை வெளியே சொல்லலாகாது. பிள்ளைக்கு வந்த நோயை அண்டை வீட்டாருக்கும் கூறாத குடும்பங்கள் உண்டு; பிற்காலத்தில் மகளின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சுவோரும் உளர். அவர்கள் அச்செய்தியை முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

பயிற்சி

1. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் இடையே அம்மாணவியின் வாழ்வில் நிகழ்ந்தவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.

2. அவ்விண்ணப்பத்தை நீங்கள் மதிப்பிடுவதாகக் கொள்க. அம்மாணவியிடம் கேட்க விரும்பும் வினாக்கள் இரண்டும், கேட்கக் கூடாது என்று கருதும் வினா ஒன்றும் எழுதுக.