உழவு டிராக்டரின் விலையும் இழுவைத் திறனும்

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதி போன்ற ஏரிப்பாசன ஊர்களில் டிராக்டர் வாங்கக் கருதும் நிலச்சுவான்தார் முதலில் விசாரிப்பது எஞ்சினின் குதிரைச் சக்தியையே. ஆயின் இளகிய நிலத்தில் அச்சக்தியில் ஏறத்தாழப் பாதியே கலப்பைக்குக் கிட்டும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரட்டைக் கொழுக் கலப்பையொன்று 60 செ.மீ. அகலமும் 20 செ.மீ. ஆழமும் உழுவதாகக் கொள்வோம். மண் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ எதிர்த்தால் இழுவை 600 கிலோ. மணிக்கு 4½ கிலோமீட்டர் வேகத்தில் இதற்குக் கலப்பையில் 10 குதிரைச் சக்தி வேண்டும், எஞ்சினில் 20. களிமண் முக்கால் கிலோ எதிர்க்குமாயின் இழுவை 900 கிலோ, எஞ்சின் 30. ஆதலின் தம் வயல்களுள் மிகக் கடினமானதை வைத்தே அளவு காண்க.

எடை குறைந்த வண்டியின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று எண்ணெயைக் குடிக்கும். இதற்குப் பெரிய எஞ்சின் பரிகாரமாகாது. சக்கரத்தில் இரும்பு எடை பூட்டலாம். டயரில் நீர் நிரப்பலாம். சேற்றுழவில் அக்கனமே வண்டியை அமிழ்த்துமாதலால், அப்போது அதனை நீக்கிக் கேஜ் வீல் பூட்ட வேண்டும்.

மேற்கூறிய கலப்பை, திரும்புங் காலமுஞ் சேர்த்து, மணிக்கு அரை ஏக்கர் உழும். 10 ஏக்கரை இருமுறை உழ 40 மணி நேரமே செல்லும். எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையில் நிற்பினும் கடன் வட்டி நிற்பதில்லை. கௌரவத்துக்கு வாங்கிய வண்டிக்கும் அப்படியே. அயலார் நிலத்தில் வாடகை உழவு கிடைக்காதவர் மணிக்கணக்கில் வண்டி அமர்த்திக்கொள்வதே நயம்.

மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-ல் ஏற்பட்ட மத்திய நிலையம் டிராக்டர்களின் இழுவையையும் எண்ணெய்ச் செலவையும் அளந்து அறிக்கை தருகிறது. விலை பேசுமுன் விற்பனையாளரிடம் அவ்வறிக்கையைக் கேட்டு, இழுவைக் கிலோவைப் பார்த்துக்கொள்க.