ஆண்களுக்கு வரும் அசதி – வயதா, சுரப்பியா?



வரி, எடையளவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எத்தனையோ விஷயங்களை நாம் கூடிப் படிக்கிறோம். இம்முறை சரக்கை விட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். நாம் மருத்துவர் அல்ல. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து, சேரம்பாடியில் மொத்த மளிகை வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். பட்டதையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் தொடங்கியது. இரவு ஒன்பது மணி நேரம் தூங்கினாலும் காலையில் எழ மனம் வராது. மதியம் கல்லாவிலேயே கண் சொருகும். லாரி வந்து நின்றால் மூட்டை எண்ணக்கூட எழுந்திருக்கத் தோன்றாது. உடம்பு சில்லென்று இருந்தது. ஜூன் முதல் கொட்டும் இந்த மழையில் குளிராதவர் யார் என்று இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம். மலச்சிக்கல், தோல் வறட்சி எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டோம்.

மறதியும் சேர்ந்துகொண்டது. எருமாடு பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கட்டிய பணத்தை வேறொருவர் பெயரில் வரவு வைத்துவிட்டு, அவரிடமே பாக்கி கேட்டுச் சத்தம் போட்டோம். இருபது ஆண்டு வாடிக்கை அன்றோடு நின்றது. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்றுகூட முடிவு செய்தோம்.

இரண்டு மாதம் டானிக் குடித்தோம். பலன் இல்லை. “ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் இருபது வயது குறையும்” என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பணம் கட்டவும் தயாரானோம். அப்போது வீட்டில்தான் தடுத்தார்கள். “என்னங்க, உங்க குரலே மாறிப்போச்சு. காலையில முகம் வீங்கியிருக்கு. முதல்ல ரத்தம் பாருங்க” என்றார்கள். பார்த்தோம். தைராய்டு சுரப்பி ஏறக்குறைய கடையைச் சாத்திவிட்டிருந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் பணம் போயிருக்கும், உண்மையான நோயும் மறைந்தே இருந்திருக்கும்.

சுரப்பிகளின் வேலை

தைராய்டு கழுத்தின் முன்புறம் இருக்கும் சிறு சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை அதன் ஹார்மோன் தீர்மானிக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்குத் தலைமை அலுவலகம் போல. சரக்கு குறைந்தால் அங்கிருந்து ஆர்டர் சீட்டு மேல் சீட்டாக வரும். அந்தச் சீட்டுத்தான் டி.எஸ்.எச். எனவே இரத்தத்தில் டி.எஸ்.எச். மிக அதிகம் என்றால், பெரும்பாலும் தைராய்டில் உற்பத்தி குறைந்துவிட்டது என்று பொருள்.

ஒரு காலத்தில் அயோடின் குறைவே இதற்குப் பெரிய காரணம். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழுத்துக் கழலை குறையும் என்று காட்டியது. இன்று நாம் விற்கும் அயோடின் உப்புக்கு அதுதான் அடிப்படை. அந்த உப்பை மழையும் ஈரமும் படாமல் அடுக்கி வைப்பதும் ஒரு மருத்துவத் தொண்டுதான். ஆனால் அயோடின் உப்பு பரவிய இடங்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான் முக்கியக் காரணமாக இருக்கிறது. சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. பெண்களுக்கு அதிகம் என்பதால் ஆண்கள் சோதிக்காமலே விட்டுவிடுகிறோம்.

அடுத்தது டெஸ்டோஸ்டிரோன். விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோன். தசை, எலும்பு, இரத்தச் சிவப்பணு, இல்லற நாட்டம் ஆகியவற்றுக்கு இது வேண்டும். நடுவயதுக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் வீதம் மெல்லக் குறைவது இயற்கை. அது மட்டுமே நோய் ஆகாது.

இரண்டு ஊசிகளின் கதை

1889-இல் பாரீஸ் நகரில் பிரவுன்-செக்கார்டு என்ற 72 வயதுப் பேராசிரியர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். உலகமே அந்தச் சாற்றின் பின்னால் ஓடியது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் அவர் முறைப்படியே சாறு தயாரித்துச் சோதித்தபோது, உடம்பில் வேலை செய்யும் அளவுக்கு அதில் ஹார்மோன் இல்லை என்று தெரிந்தது. நம்பிக்கைதான் வேலை செய்திருக்கிறது.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைந்து வீங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்தார். அந்த அம்மையார் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இரண்டும் இரண்டு ஆண்டு இடைவெளியில் வந்த சுரப்பிச் சாறுகள்தான். ஒன்று இல்லாத குறையை நிரப்பியது, மற்றொன்று ஆசையை விற்றது. இன்றும் சந்தையில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடையாகவே இருக்கின்றன. எது எது என்று சொல்லக்கூடியது இரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

சோதனையில் கவனிக்க வேண்டியவை

1. அசதி என்றதும் ஹார்மோனுக்கு ஓடவேண்டாம். இரத்தசோகை, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், வைட்டமின் பி12 ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அசதியே அதன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

2. நாம் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் அசதி வரும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, மனச்சோர்வு இவற்றை மறைக்கக் கூடாது.

3. டி.எஸ்.எச். சோதனை அவசியம்.

4. இல்லற நாட்டம் குறைவு, காலை விறைப்பு இல்லாமை, தாடி மீசை வளர்ச்சி குறைதல், தசை மெலிவு ஆகியவை அசதியோடு சேர்ந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கலாம். காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் பார்க்க வேண்டும். மதியம் கடை சாத்தும் நேரத்தில் கூடலூருக்கோ சுல்தான் பத்தேரிக்கோ போய் இரத்தம் கொடுத்தால் அளவு குறைவாகக் காட்டக்கூடும். முதல் பஸ்ஸில் போக வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருப்பதைக் குறைவு என்று பலர் கொள்கிறார்கள்.

ஒரு நாள் கல்லாவை மட்டும் எண்ணி ஐந்தொகை எழுதுவோமா? இரண்டாம் முறை பார்க்காமல் ஊசிக்குச் சம்மதிப்பதும் அப்படித்தான்.

சிகிச்சை முறைகள்

தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை. விலை அதிகமில்லை. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும். வயதானவர்க்கும் இதய நோயாளிக்கும் சிறு அளவில் தொடங்குவார்கள். அதிகமானால் படபடப்பும் எலும்புத் தேய்வும் வரும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இதில் நாம் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். எழுந்ததும் கட்டன் சாயா குடிக்காமல் இந்தத் தேயிலை மலையில் யாருக்குப் பொழுது விடிகிறது? மாத்திரையையும் அதோடு விழுங்கினோம். ஆறு வாரம் கழித்துச் சோதித்தால் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை. “ஐயா, மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டபோதுதான் விளங்கியது. பிறகு ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்குச் சாயா. அடுத்த சோதனையில் அளவு சரியாக வந்தது. அசதி முழுதும் நீங்க நான்கு மாதம் ஆயிற்று.

டி.எஸ்.எச். சற்றே உயர்ந்த எல்லோருக்கும் மாத்திரை வேண்டும் என்பதும் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில், இலேசான குறைவுக்கு மாத்திரை கொடுத்தும் அசதி குறையவில்லை. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

டெஸ்டோஸ்டிரோன் உண்மையாகவே குறைந்திருந்தால் ஊசியும் களிம்பும் உண்டு. ஆனால் உடல் பருத்தவர்க்கும் சர்க்கரை உள்ளவர்க்கும் எடையைக் குறைத்தாலே அளவு ஓரளவு ஏறும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு குறைந்த 790 ஆண்களிடம் ஓராண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வை நாம் மனதில் வைக்க வேண்டும். இல்லற நாட்டம் கூடியது, மனநிலை சிறிது தேறியது. ஆனால் அசதியைப் பொறுத்தவரை, மருந்தில்லாத களிம்பு பூசியவர்க்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அசதிக்கென்றே இந்த ஊசியை விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

5,200 பேருக்கு மேல் பங்கேற்ற 2023-ஆம் ஆண்டு ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை என்பது ஆறுதல். ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சற்று அதிகமாகவே காணப்பட்டன. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்க்கும், அண்மையில் மாரடைப்பு கண்டவர்க்கும் இந்த மருந்து ஆகாது. குழந்தை வேண்டும் என்று இருக்கும் இளைஞர்கள் தொடவே கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விரை வேலையை நிறுத்தும், விந்தணு குறைந்துபோகும். எடுப்பவர்கள் இரத்தத் திண்மையையும் பி.எஸ்.ஏ. அளவையும் தவறாமல் பார்த்து வர வேண்டும்.

நம் கடைக்கு வரும் புட்டிகள்

ஆண்மைச் சக்தி, நரம்பு பலம் என்று புட்டிகளையும் பொடிகளையும் நல்ல கமிஷனுக்கு நம் கடைகளில் வைக்கச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். ஆண்மையைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. கடைச் சுவரில் ஒட்டும் தட்டியும் விளம்பரம்தான். பெயர் தெரியாத சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் தெம்பு வரும். பின்னர் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். அந்நிலையில் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படிச் சாப்பிட்டு வந்தவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கமிஷனுக்காக இவற்றை நாம் விற்க வேண்டாம்.

முடிவாக

உடம்பு தேறியதும் பேரேட்டை எடுத்துக்கொண்டு எருமாடு சென்று, அந்தச் சில்லறைக் கடைக்காரரிடம் தவறைக் காட்டி மன்னிப்புக் கேட்டோம். அவர், “முதலாளி, இருபது வருசத்துல உங்க கணக்கு ஒரு நாள் தப்பினதில்ல. அன்னைக்கே உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சேன். சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு” என்றார்.

வணிகர்களே, அந்தக் கூச்சம்தான் நம்மிடையே உள்ள பெரிய நோய். பக்கத்துக் கடைக்காரர் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், கணக்கில் தடுமாறினால், “அண்ணாச்சி, ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுங்கள்” என்று சொல்லுங்கள். நமக்கு யாராவது அப்படிச் சொன்னால் கோபப்படாமல் கேட்போம். ஸ்டாக் எடுக்காமல் எந்தச் சரக்குக்கும் நாம் ஆர்டர் போடுவதில்லை. உடம்புக்கும் அதே வழக்கத்தை வைத்துக்கொள்வோம்.